குழந்தைகளின் மூக்கு ஒவ்வாமை: காரணங்களும் சிகிச்சையும்

சாதாரணச் சளி பெரும்பாலும் 10 நாட்களுக்குள் தணிந்துவிடும். காய்ச்சலின்றித் தும்மல், நீர்போன்ற மூக்கொழுக்கு, மூக்கடைப்பு, நமைச்சல் ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்குமாயின் அது மூக்கு ஒவ்வாமையாக இருக்கக்கூடும்.

தீங்கற்ற பொருளொன்றை உடல் பகையெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்குவதே இதன் காரணம். அப்பொருள் மீண்டும் மூக்கினுள் புகும்போது ஹிஸ்டமின் வெளிப்பட்டு உட்சவ்வு வீங்குகிறது. படுக்கைத் தூசியில் வாழும் நுண்பூச்சிகள், கரப்பான் கழிவு, பூஞ்சை, மகரந்தம் ஆகியவை முக்கியக் காரணிகள். 1950களில் புணேயில் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியக் களையும் இவற்றுள் ஒன்று. விறகுப் புகை மூக்கை உறுத்தித் தொல்லையை மிகுவிக்கிறது. பெற்றோருக்கு ஒவ்வாமை இருப்பின் குழந்தைக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

சிகிச்சை வீட்டிலேயே தொடங்குகிறது. படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துதல், தரையை ஈரத்துணியால் துடைத்தல், சமையற் புகையை வெளியேற்றுதல் ஆகியவை பயன் தரும். மருத்துவர் ஆலோசனைப்படி, உறக்கம் மிகுதியாகத் தராத ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தும், தொல்லை நீடித்தால் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பானும் அளிக்கப்படும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் ஒவ்வாமை நீங்காது. அவற்றுக்கெனச் செலவிடப்படும் பணம் ஏழைக் குடும்பத்திற்கு வீண் சுமையே. ஒவ்வாமையைக் கவனியாது விட்டால் ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

இரவில் மூக்கடைத்து உறக்கம் கெட்ட குழந்தை பகலில் வகுப்பில் சோர்ந்திருப்பதை மந்தம் எனக் கொள்ளலாகாது. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளில் மாணவரைப் பரிசோதிக்கின்றன. ஓயாத தும்மலையும் வாய்வழிச் சுவாசத்தையும் நாள்தோறும் காணும் ஆசிரியர், அதனை அக்குழுவினரிடம் தெரிவித்தல் வேண்டும். செலவில்லாத இச்சிறு செயல் குழந்தையின் கல்வியைக் காக்க வல்லது.