படத்தில் கை வைக்க முதல்

கொட்டாஞ்சேனை

அன்பு மருமகளுக்கு,

நீ போனில் அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் ஆறுதலாக இருந்து பார்த்தேன். வெள்ளவத்தைக் கடலுக்கு மேலே ஊதா வானம், தண்டவாளத்துக்கு மேலே இரண்டு நிலவு, காலி வீதி முழுக்க மீன்கள் நீந்துவது, இப்படிப் பல. வடிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது ஒரு படம்தான். அம்மம்மாவின் பக்கமுகத்துக்குள் கடற்கரைக் கருங்கற்களை வைத்திருக்கிறாயே, அது. அவவின் கன்னச் சுருக்கமும் கல்லின் வெடிப்பும் ஓரிடத்தில் ஒரே கோடாக ஓடுகின்றன. மற்றப் படங்களை அந்தச் செயலி வைத்திருக்கிற யாரும் செய்துவிடலாம். இதைச் செய்ய அந்த முகத்தைச் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் இருந்து பார்த்த ஒருத்தி வேண்டும்.

படிப்புக் கெட்டுவிடும் என்று உன் அம்மா பயப்படுகிறா. கெடாது. இதை விட்டுவிடாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அதோடு, ஸ்ரூடியோ வேலையில் முடி நரைத்தவன் என்ற உரிமையில் சில காரியங்களும் சொல்ல இருக்கின்றன.

கொழும்பில் இருந்துகொண்டு படத்தை வைத்துப் பரிசோதனை செய்யப் புறப்பட்டவள் லயனல் வென்ட்டை அறியாமல் இருக்கக்கூடாது. கொழும்பு 7 இல் நாடகம் பார்க்கப் போகிற மண்டபத்தின் பெயராக மட்டும்தான் உங்கள் வயதுக்காரருக்கு அவரைத் தெரியும். 1900 இல் பிறந்தவர். இலண்டனில் சட்டமும் பியானோவும் படித்துவிட்டு வந்து, முப்பதுகளில் கமராவில் முழுமூச்சாக இறங்கினார். 1934 இல் வந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் கேட்கிற குரல் அவருடையது. 1943 இல் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ் முதலான ஓவியர்கள் கூடி ‘43 குழு’வைத் தொடங்கியது கில்ட்போர்ட் கிரசென்டில் இருந்த அவருடைய வீட்டில்தான். அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் போய்விட்டார். வயது 44. அந்த வீடு இருந்த வளவில்தான் 1953 இல் கலை மண்டபம் திறந்தார்கள்.

அவர் இருட்டறையில் செய்த ஒன்றை நீ விளங்கிக்கொள்ள வேண்டும். டெவலப்பர் தட்டில் படம் பாதி தெரியத் தொடங்கும்போது ஒரு கணம் வெள்ளை வெளிச்சத்தைப் போட்டு அணைப்பார்கள். மற்ற நேரத்தில் அப்படி நடந்தால் தாள் பழுது. ஆனால் அளவறிந்து செய்தால் வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் அரைகுறையாகப் புரளும். இரண்டும் சந்திக்கிற விளிம்பில் மயிர்போல ஒரு மெல்லிய கோடு எழும்பும். அந்த விளிம்பில் சேருகிற புரோமைட் டெவலப்பரின் வேலையைத் தடுப்பதால் வருகிற கோடு அது. சோலரைசேஷன் என்பார்கள். பாரிஸில் மான் ரேயும் லீ மில்லரும் 1930 ஐ ஒட்டி அதைக் கையாண்டு பேரெடுத்தார்கள். வென்ட் கொழும்பிலிருந்தே அதைப் பிடித்து, எங்கள் ஊர் முகங்களிலும் உடல்களிலும் செய்து பார்த்தார். ஒரு தோளின் வளைவைச் சுற்றி அந்தக் கோடு போகும்போது, பென்சிலால் வரைந்ததா வெளிச்சத்தால் வரைந்ததா என்று கண் தடுமாறும்.

ஆனால் எடுத்த படம் எல்லாவற்றிலும் அவர் அதைச் செய்யவில்லை. வயல், கடற்கரை, கிராமத்துச் சனங்கள், நடனக்காரர் என்று அவர் எடுத்தவற்றில் மிகப் பல நேரே எடுத்து நேரே பிரின்ட் போட்ட படங்கள். எந்தப் படம் அந்த வெளிச்சத்தைத் தாங்கும் என்று பார்த்துத்தான் கை வைத்தார். நீ ஒரே படத்துக்குப் பத்துப் பில்டரைப் போட்டுப் பார்த்து, ‘எது நல்லாயிருக்கு மாமா’ என்று கேட்கிறாய். அது கடையில் தைத்துத் தொங்குகிற சட்டைகளைப் போட்டுப் பார்க்கிற மாதிரி. இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது எது, அதை இன்னும் எப்படித் தெரியவைப்பது என்ற கேள்வியோடு தொடங்கினால் பில்டர் பட்டியலைத் திறக்கவே தேவை வராது.

ஒரு பயிற்சி சொல்கிறேன், செய்து பார். போட்டோஷொப்பில் ‘சோலரைஸ்’ என்றொரு பில்டர் இருக்கிறது. அதைத் தொடாதே. கர்வ்ஸைத் திற. மூலைக்கு மூலை ஓடுகிற நேர்கோட்டின் நடுவை உச்சிக்கு இழு, வலது முனையை அடிக்கு இறக்கு. கூரை முகடு போல வரும். படத்தின் வெளிச்சப் பகுதிகள் கறுத்துப் புரள்வதைப் பார்ப்பாய். முகட்டை இடம் வலமாக மெதுவாக நகர்த்து. புரளும் இடமும் கூடவே நகரும். அம்மம்மாவின் வெள்ளைத் தலைமயிர் எந்தப் புள்ளியில் கறுக்கிறது, கண் எந்தப் புள்ளியில் கெடுகிறது என்று கவனி. வென்ட்டின் அந்த மெல்லிய கோடு இதில் வராது. அதை எப்படி வரவைக்கலாம் என்று நீயே தேடு. அந்தத் தேடலில் ஒரு மாதம் போனாலும் போகட்டும்.

இன்னொன்றையும் காட்டவேண்டும். உன் கருவிப்பெட்டியில் குச்சியின் நுனியில் ஒரு வட்டம் போல ஒரு சின்னமும், விரல்களைக் குவித்த கை போல ஒரு சின்னமும் இருக்கும். ஒன்று வெளுக்கவைக்கும், மற்றது கறுக்கவைக்கும். இரண்டும் எங்கள் இருட்டறையிலிருந்து போனவை. கம்பி நுனியில் வட்டமாக வெட்டிய அட்டையை ஒட்டி, என்லார்ஜர் வெளிச்சத்துக்கும் தாளுக்கும் நடுவில் பிடித்தால் அந்த இடம் வெளுக்கும். கையைக் குவித்து விரலிடுக்கால் வெளிச்சத்தை விட்டால் அந்த இடம் கறுக்கும். கையை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஓரிடத்தில் நின்றால் விளிம்பு பதிந்துவிடும். நெகட்டிவில் ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து மணமகளின் பருவை மறைத்தோம். சாமத்தியவீட்டு அல்பத்தில் பிள்ளையை வெட்டி எடுத்து நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிறுத்தினோம். நீ செய்வது புதிது என்று யாரும் உன்னைப் பயமுறுத்தினால் நம்பாதே. 1857 இலேயே ரெய்லாண்டர் என்ற ஒருவர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார்.

லேயர் போட்டோஷொப்புக்கு வந்தது 1994 இல். அதற்கு முன் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துவிட்டால் திரும்பப் பிரிக்கமுடியாது. உனக்கு அந்த வசதி இருக்கிறது, ஆனால் படத்தை முடித்தவுடன் எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஜேபெக்காகச் சேமித்துவிடுகிறாய். அப்படிச் செய்யாதே. லேயர்கள் உள்ள கோப்பைத் தனியே வை. கமராவிலிருந்து வந்த மூலப்படத்தை ஒருநாளும் தொடாதே, அதன் பிரதியில் வேலை செய். ஜேபெக்கைத் திறந்து மாற்றிச் சேமிக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரம் கழன்று போகும். விலை கொடுத்து மென்பொருள் வாங்க உன் அப்பாவைக் கரைச்சல்படுத்தவும் வேண்டாம். ஜிம்ப் இலவசம், நான் சொன்ன எல்லாவற்றையும் அதில் செய்யலாம்.

ஒன்றின் மேல் ஒன்றை ஏன் வைக்கிறோம் என்ற கேள்விக்கு, யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் 2011 இல் வந்த புத்தகத்தைத் தேடிப் பார். ஆங்கிலத்தில் அதற்கு ‘நிறைவுறாத தோம்பு’, அதாவது நிறைவுறாத காணிப் பதிவேடு, என்ற பொருளில் பெயர் வைத்தார். இடம்பெயர்ந்த சனங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறிய வரைபடம், அதையே ஒரு கட்டடக்கலைஞர் ஒழுங்காக வரைந்தது, சனாதனன் தன் கையால் தீட்டிய படம் என்று ஒரு வீட்டுக்கு மூன்று. புகைப்படம் எதுவும் இல்லை. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது கிணறும் விறாந்தையும் உள்ள ஒரு வீடு எழும்புகிறது. உன் இரண்டு நிலவுப் படத்தில் இரண்டாவது நிலவை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது. அதுதான் அந்தப் படத்தில் எனக்குள்ள வருத்தம்.

எதை எடுப்பது என்று கேட்டாய். ஓர் இடத்தைப் பிடி, அதிலேயே நில். மரைன் டிரைவில் பின்னேர ரயில் போகிற நேரமோ, கொச்சிக்கடையில் இராமநாதன் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில் தூண்களோ, ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து புறப்படுகிற நாளோ, எதுவென்றாலும் சரி. ஒரே தூணைக் காலையிலும் விளக்கு வைத்த பிறகும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார். கோயிலுக்குள் எடுக்க முதல் குருக்களிடம் கேள்.

கேட்பது பற்றி இன்னும் கொஞ்சம். ஜூலியா மார்கரட் கமரன் பற்றி நீ வாசித்திருப்பாய். 48 வயதில், மகள் கொடுத்த கமராவோடு தொடங்கி, மங்கலையும் கீறலையும் வேண்டுமென்றே படத்தில் விட்ட பெண். 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் படத்தில் பெயர் இருக்கிறது. இங்கே எடுத்த படத்தில் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்றுதான் இருக்கிறது. அவர்கள் யார் எவர் என்று இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமையின் முதுகை எடுத்து நீ தங்கநிறம் பூசியிருக்கிறாய். அவரிடம் கேட்டாயா? பெயர் என்ன? முடிந்த படத்தை அவருக்குக் காட்டினாயா? காட்டு. அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் படத்தை வெளியில் விடாதே.

நான் மிகவும் வலியுறுத்த நினைப்பது இனித்தான் வருகிறது. எங்கள் சனத்திடம் படங்கள் குறைவு. 83 கலவரத்தில் எரிந்தன, 95 இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடும்போது சுவரிலேயே நின்றன, 2009 இல் வன்னியில் பதுங்குகுழிகளில் போயின. மிஞ்சியது பலருக்கு ஓர் அடையாள அட்டைப் படம். அதைக் கொண்டுவந்து, பெரிதாக்கித் தாருங்கள் என்று கேட்பார்கள். பல படங்களில் கிராமசேவகர் குத்திய முத்திரை கன்னத்துக்குக் குறுக்கே ஓடும். நெற்றியிலும் சட்டையிலும் இருக்கிற மையை எடுக்கலாம், பக்கத்திலிருக்கிற தோலின் நிறத்தைக் கொண்டுவந்து மூடலாம். ஆனால் முத்திரை வாயின் ஓரத்தை மறைத்திருந்தால், அந்தப் பிள்ளையின் வாய் அங்கே எப்படி வளைந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வரைந்தால் அது என்னுடைய வாய். ‘அம்மா, இந்த இடத்தில் மை இருக்கத்தான் செய்யும்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருவரும் கோபித்ததில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், காணாமல் போனவர்களின் தாய்மார் பிடித்துக்கொண்டு நிற்கிற படங்களைப் பார்த்திருப்பாய். அவை சாட்சிகள். அப்படியான படம் உன் கைக்கு வந்தால் அழுக்கை மட்டும் துடை. இப்போது மங்கிய முகத்தை ஒரு நொடியில் தெளிவாக்கித் தருகிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்திருக்கின்றன. ஆயிரமாயிரம் வேறு முகங்களைப் பழகி, இருக்கக்கூடிய ஒரு கண்ணை அவை வரைகின்றன. கண் பளிச்சென்று இருக்கும். அது அவருடைய கண் இல்லை. உன் சொந்தக் கற்பனைப் படத்துக்கு அந்தச் செயலிகளை எப்படியும் பாவி. காணாமல் போனவர் முகத்தில் மட்டும் வேண்டாம்.

மாற்றிய படத்தை அனுப்பும்போது, இது நான் செய்த படம் என்று ஒரு வரி சேர்த்துவிடு. 2018 இல் கண்டிப் பக்கம் கலவரம் நடந்தபோதும், 2019 ஏப்ரல் 21 இல் எங்கள் பக்கத்து அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோதும் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மூடியது உனக்கு நினைவிருக்கும். பயந்துபோன சனத்திடம் ஒரு படம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைக் கொட்டாஞ்சேனையில் இருந்த நாங்கள் அந்த நாட்களில் பார்த்தோம். காலி வீதியில் மீன் நீந்தினால் ஆபத்தில்லை, காலி வீதியில் புகை எழும்பினால் வேறு கதை.

கடைசியாக, பிரின்ட் போடு. வென்ட் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இன்றைக்கு நாங்கள் பார்ப்பது அவர் போட்டுவைத்த பிரின்ட்களைத்தான். உன்னுடையவை எல்லாம் ஒரு போனுக்குள் இருக்கின்றன, அந்தப் போனோ வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் விழுகிறது. 12க்கு 8 அங்குலத்தில் தெளிவாக வரவேண்டுமென்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 3600க்கு 2400 பிக்சல் வேண்டும். பளபளப்பில்லாத தாளில் கேள். திரையில் தெரிகிற வெளிச்சம் தாளில் தெரியாது, ஆகவே முதல் பிரின்ட் இருண்டு வந்தால் மனம் சோராமல் கொஞ்சம் வெளுப்பாக்கித் திருப்பிப் போடு. பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் நாள், இடம், படத்தில் உள்ளவரின் பெயர், எந்தெந்தப் படங்களைச் சேர்த்தாய் என்று எழுது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன். லேயர்கள் உள்ள கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டு வா. வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிப்போகிறது, எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. மாமி தோசைக்கு மாவு அரைத்து வைப்பதாகச் சொல்லச் சொன்னா.

அன்புடன்,
மாமா