டிசம்பரில் ஐரோப்பா

கல்யாணமாகி வரும் முதல் டிசம்பர். மனைவியோடு பத்து நாள் ஐரோப்பா போக ஆசை. எத்தனை நகரங்கள் பார்க்கலாம்?
– வாசகர், திருவொற்றியூர்

மூன்றே போதும்: பிராக், வியன்னா, புடாபெஸ்ட். பிராக்கிலிருந்து வியன்னா ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். அங்கிருந்து புடாபெஸ்ட் இரண்டரை. மூன்றுக்கும் ஒரே ஷெங்கன் விசா. அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம் விண்ணப்பியுங்கள். ஆறு மாதம் முன்பே வாங்கிக்கொள்வார்கள். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுமே என்று கவலைப்படாதீர்கள். புதுமணத் தம்பதிக்கு அதுதான் வசதி! வியன்னா நகர்மன்றத்தின் முன்னே கிறிஸ்துமஸ் சந்தை. விளக்கு வெளிச்சத்தில் கைகோத்து நடக்கலாம். 24 மதியத்திலிருந்தே கடைகள் அடைத்துவிடும், சாப்பாட்டுக்கு முன்னதாகவே இடம் சொல்லிவையுங்கள்.

எண்ணூர்க் கடற்காற்றுக்குப் போட்ட ஸ்வெட்டர் அங்கே தாங்காது. தெர்மல் உள்ளாடையும் தண்ணீர் புகாத ஷூவும் வாங்குங்கள். புடவையில் படம் எடுக்க மனைவிக்கு ஆசையா? உள்ளே தெர்மல் இருந்தால் தாராளமாக எடுக்கலாம்.