பராமரிப்புக் காப்புறுதி: காசா, ஆளா?

எண்பதுகளில் இளைஞர்களாக ஜேர்மனிக்கு வந்த ஈழத்தமிழர்களுக்கு இப்போது ஓய்வூதிய வயது. வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் காப்புறுதியிடம் ஃப்ளேககெல்ட் என்ற மாதக் காசை வாங்குவதா, ஃப்ளேகடீன்ஸ்ட் என்ற பராமரிப்புச் சேவையின் ஆட்களை வீட்டுக்கு அழைப்பதா என்ற கேள்வி எழுகிறது. பலர் கொண்டாட்ட மண்டபத்தில் கேட்ட கதையை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள்.

நம்பிக்கை: காசு எடுத்தால் ஆள் வரமாட்டார்கள்.

அதிகம் கெடுதல் செய்வது இந்தக் கதைதான். 2025 தொடக்கத்திலிருந்து மூன்றாம் ஃப்ளேககிராட்டில், அதாவது பராமரிப்புத் தேவையின் மூன்றாம் படியில், உள்ளவருக்குக் காசாக மாதம் 599 யூரோ, சேவையாக 1497 யூரோ வரை உண்டு. இரண்டையும் கலந்தும் எடுக்கலாம். அம்மாவைக் குளிப்பாட்ட வாரத்தில் சில காலைகள் ஆள் வந்து, மாதக் கணக்கு 748.50 யூரோ ஆனால், சேவையில் பாதி முடிந்தது. காசில் மிச்சப் பாதி, அதாவது 299.50 யூரோ, அம்மாவின் கணக்குக்கு வரும். தீர்மானித்த விகிதத்துக்கு ஆறு மாதம் கட்டுப்பட வேண்டும். நிலைமை பெரிதாக மாறினால் இடையிலும் மாற்றலாம்.

முழுக் காசையும் எடுத்துவிட்டு, தூக்குவதையும் கழுவுவதையும் மகளோ மருமகளோ தனியே செய்யும் வீடுகளில் முதலில் முறிவது அவள் முதுகு. அப்பாவை மகள் குளிப்பாட்டும்போது இருவருக்குமே கூச்சம், வெளியில் சொல்லமாட்டார்கள். அந்த வேலையைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சோறு ஊட்டுவதையும் பக்கத்தில் இருந்து கதைப்பதையும் பிள்ளை வைத்துக்கொள்வது கடமை தவறுவதாகாது. என்னைக் கேட்டால், பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே சரியான வழி.

நம்பிக்கை: 1497 தான் பெரிய தொகை, அதையே கேட்க வேண்டும்.

அந்தத் தொகை உங்கள் கைக்கு வராது. சேவை நிறுவனத்துக்கே நேராகப் போகும். வரம்பைத் தாண்டிய செலவு உங்கள் பொறுப்பு. தொகையைப் பார்க்காமல், எந்த வேலைக்கு ஆள் வேண்டும், எத்தனை தடவை என்று முதலில் எழுதிப் பாருங்கள். வீட்டுத் துணைதான் தேவை என்றால், சேவைத் தொகையில் பயன்படுத்தாத பகுதியை 40 சதவீதம் வரை அங்கீகரிக்கப்பட்ட அன்றாட உதவிச் சேவைக்கு மாற்றலாம்.

நம்பிக்கை: ஃப்ளேககெல்ட் பார்க்கிற பிள்ளையின் சம்பளம்.

அது பராமரிப்புத் தேவைப்படுபவரின் காசு. அவர் விரும்பினால் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பிள்ளைக்கென்று தனியாக ஒரு உரிமை இருக்கிறது. இரண்டாம் கிராட் முதல் வாரத்தில் இரண்டு நாளாவது, மொத்தம் 10 மணித்தியாலமாவது பார்த்து, வெளியே 30 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யாதிருந்தால், பராமரிப்புக் காப்புறுதியே அவருடைய ஓய்வூதியத்துக்குப் பணம் கட்டும். வேலையைக் குறைத்துக்கொண்ட பெண்கள் இதைக் கேட்டு வாங்காமல் விடக்கூடாது.

நம்பிக்கை: காசு எடுப்பவருக்கு வேறொன்றும் இல்லை.

உண்டு. எல்லாக் கிராட்டுக்கும் மாதம் 131 யூரோ உதவித்தொகை இருக்கிறது. இரண்டாம் கிராட்டிலிருந்து, பார்ப்பவர் ஓய்வெடுக்க அல்லது முதியவரைச் சிறிது காலம் பராமரிப்பு இல்லத்தில் விட ஆண்டுக்கு 3539 யூரோ வரை உண்டு. காசு மட்டும் எடுப்பவர் வீட்டுக்கு ஆலோசகர் குறித்த காலத்தில் வருவார். அவர் குற்றம் பிடிக்க வருபவரல்ல. ஆனால் அந்தச் சந்திப்பைத் தவறவிட்டால் காசு குறைக்கப்படலாம். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர்களும் கவனியுங்கள்: இலங்கையில் இருக்கும்போது சில வாரங்களுக்குத்தான் ஃப்ளேககெல்ட் தொடரும்.

கிராட் முடிவு சரியில்லை என்று பட்டால் ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை எழுதுங்கள். காசு, விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான் வரும்; கடந்த மாதங்களுக்குக் கிடைக்காது. இந்த மாதமே விண்ணப்பியுங்கள். இலவச ஆலோசனை உங்கள் உரிமை. அந்த ஆலோசனையில் காசையும் ஆளையும் கலந்து எடுக்கும் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.