நோயில்லாதவளுக்கு எதற்கு ஸ்கேன்?

கேள்வி: எனக்குக் குழந்தை இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. இடுப்புத்தள தசையை ஸ்கேனில் அளக்க ஆராய்ச்சிக்காகக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
– வாசகி, மாமல்லபுரம்

பதில்: தாராளமாகப் போங்கள். இயல்பு எவ்வளவு என்று தெரியாமல் தளர்ச்சி என்று எப்படிச் சொல்வது? சிட்னியில் டாக்டர் டீட்ஸ் குழுவினர் பிள்ளை பெறாத பெண்களை அளந்து 2005இல் வெளியிட்டார்கள். முக்கும்போது தசை வளையத்தின் திறப்பு சுமார் 7 முதல் 35 சதுர செ.மீ. வரை இருந்தது. அத்தனை வித்தியாசம்! 25ஐத் தாண்டினால் அதிகம் என்பது பின்னால் வந்த கணக்கு. சதுரங்கப்பட்டினத்தில் மீன்கூடை சுமப்பவருக்கும் அது பொருந்துமா? நம் பெண்களை அளந்தால்தானே தெரியும்.

கதிர்வீச்சு கிடையாது. உறை போட்ட கருவியை வெளியே வைத்து, இறுக்கச் சொல்வார்கள், முக்கச் சொல்வார்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்று கேட்கலாம். ஒப்புதல் படிவம் தமிழில் இல்லையென்றால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.