தங்க வயலின் மூன்று எண்கள்

கோலார் தங்க வயலுக்குக் கடிதம் அனுப்புவோர், சாம்பியன் ரீஃப் பகுதிக்கு 563117 என்றும், உரிகத்துக்கு 563120 என்றும், ராபர்ட்சன்பேட்டைக்கு 563122 என்றும் அஞ்சல் குறியீட்டு எண்ணை இடுவர். அஞ்சல் துறைக்கு இவை ஒரே ஊரின் மூன்று பகுதிகள். எண் கணிதத்துக்கோ மூன்று வெவ்வேறு இனங்கள்.

ராபர்ட்சன்பேட்டையிலிருந்து தொடங்குவோம். 563122 = 2 × 7 × 19 × 29 × 73. ஐந்து பகா எண்களும் ஒவ்வொரு முறையே வருகின்றன. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், அல்லது விடலாம். ஆகவே இதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 32. அவற்றுள் இவ்வெண்ணையே நீக்கி, எஞ்சிய 31 வகு எண்களையும் கூட்டினால் 5,02,478 கிடைக்கும். கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைவாதலின் இது 'குறை எண்'.

உரிகத்தின் 563120 = 2 × 2 × 2 × 2 × 5 × 7039. இதற்கு வகு எண்கள் 20 மட்டுமே. ஆயினும், எண்ணை நீக்கிக் கூட்டினால் 7,46,320 வருகிறது. எனவே இது 'மிகை எண்'. வகு எண்கள் குறைந்தும் கூட்டுத்தொகை மிகுந்தது ஏன்? 2 நான்கு முறை வருவதால் எண்ணின் பாதி, கால், அரைக்கால் ஆகியவையும், 5 வருவதால் ஐந்தில் ஒரு பங்கும் வகு எண்களாகின்றன. இப்பெரும் பங்குகளே தொகையை உயர்த்துகின்றன.

சாம்பியன் ரீஃபின் 563117 எதனாலும் வகுபடாத பகா எண். இதனை உறுதிசெய்ய எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இதன் வர்க்கமூலம் 750-ஐச் சற்றே தாண்டும். காரணி ஒன்று அதைவிடப் பெரிதாயின், அதன் இணை அதைவிடச் சிறிதாகவே இருக்கும். எனவே 2 முதல் 743 வரையுள்ள 132 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பொறுமையுள்ளவருக்கு ஒரு மாலை வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கத்தின் ஊருக்கு, எவ்வளவு தோண்டினாலும் எதுவும் கிடைக்காத எண் வாய்த்தது வேடிக்கைதான்.

ஆறு இலக்கத்தில் பொழுதுபோக்காக இருப்பது, அறுநூறு இலக்கத்தில் உங்கள் கணக்குக்குக் காவலாகிறது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் வகுத்த ஆர்எஸ்ஏ முறையில், இரு பெரும் பகா எண்களின் பெருக்கற்பலன் வெளிப்படையாகவே அறிவிக்கப்படும். அவ்விரு எண்கள் மட்டும் மறைவாக இருக்கும். இன்று பரவலாக வழங்கும் 2048 பிட் அளவில் அப்பெருக்கற்பலன் 617 இலக்கம் கொண்டது. பெருக்குவது கணினிக்கு நொடிப்பொழுதுப் பணி. பிரிப்பதற்கோ அத்தகைய எளிய வழி இதுவரை கண்டறியப்படவில்லை.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிவது வேறு, அதன் காரணிகளைக் காண்பது வேறு. முன்னதற்கு, இலக்கங்கள் பெருகினும் படிகள் கட்டுக்குள் நிற்கும் உறுதியான வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் அளித்தனர். அவ்வழி, எண் பகுபடும் என்று சொல்லும். எவற்றால் என்று சொல்லாது. பின்னதில், சவாலாக வெளியிடப்பட்ட 250 இலக்க ஆர்எஸ்ஏ எண் ஒன்று 2020-இல்தான் பல கணினிகளின் கூட்டுழைப்பால் பிரிக்கப்பட்டது. 617 இலக்க ஆர்எஸ்ஏ சவால் எண் இன்னும் பிரிபடாமலே நிற்கிறது.