ஊட்டிக்கு எத்தனை நாள்?

செமஸ்டர் முடிஞ்சதும் ‘ரெண்டு நாள் ஊட்டி’ன்னு பிளான் போடுறீங்களா? நாளை எண்ணாதீங்க, மணியை எண்ணுங்க.

சென்னையில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலில் 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். ஊட்டி சேர மதியம் 12 ஆகிடும். மறுநாள் 2 மணி ரயிலில் திரும்பினால், மலையில் இருப்பது 26 மணி நேரம். தூக்கம் 8 போக மிச்சம் 18.

இன்னொரு ராத்திரி தங்கினால்? 50ல் 16 போக 34. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! டிக்கெட் செலவு அதேதான். கூடுறது ஒருநாள் ரூம் வாடகையும் சாப்பாடும் மட்டும்.

ரெண்டு ராத்திரி தங்க முடியலைன்னா ஏற்காடு போங்க. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான்.