கார்ல விழுந்த கோடும் மனசுல விழுந்த கோடும்

 

நம்மள்ல நிறைய பேர் இப்பதான் வேலைக்குச் சேர்ந்து, இஎம்ஐ போட்டு முதல் கார் வாங்கியிருப்பீங்க. இந்தப் பதிவு உங்களுக்குத்தான். நான் செஞ்ச ஒரு தப்புல கத்துக்கிட்ட பாடம் இது.

நான் கறுப்பு கலர் கார் எடுத்தேன். வல்லக்கோட்டையில பூஜை போட்டப்போ குருக்கள் பானெட்ல சந்தனம், குங்குமம் வெச்சார். "கறை பிடிச்சிடுமோ"ன்னு முணுமுணுத்தேன். "நெத்தியில வெச்சா பிரசாதம், பானெட்ல வெச்சா கறையாடா?"ன்னு அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்.

நான் குடியிருக்கிறது ஒரகடத்துல. கன்டெய்னர் லாரியும் டிப்பரும் ஓடுற ஓட்டத்துல, ராத்திரி நிறுத்தின கார் மேல காலையில விரலால பேரே எழுதலாம். எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேனுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். என்னை "தம்பி"ன்னுதான் கூப்பிடுவார். ஒரு நாள் காலையில இறங்கி வந்தா, பழைய வேட்டித் துணியால பானெட்டை அழுத்தித் துடைச்சுக்கிட்டு இருந்தார். வெயில்ல பார்த்தா வட்ட வட்டமா மெல்லிசுக் கோடுகள். "யாரு உங்களைத் துடைக்கச் சொன்னது?"ன்னு கத்திட்டேன். பால்கனியில இருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தாங்க.

அவர் துணியை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டார். "மன்னிச்சுக்குங்க சார்." அன்னையில இருந்து "தம்பி" போய் "சார்" வந்துடுச்சு.

ஏன் கோடு விழுது?

கார் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 மைக்ரான்தான். அதாவது ஒரு ஏ4 தாள் கனம். அதுல மேலே இருக்கிற கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான். நம்ம தலைமுடியே அதைவிடத் தடிமன். ரோட்டுத் தூசியில மணல் துகள் இருக்கும், அது பெயின்ட்டை விடக் கடினம். காய்ஞ்ச துணியால துடைச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான். இது அவருக்கு எப்படித் தெரியும்? அன்பா செஞ்சார், அவ்வளவுதான்.

1998-ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய், 2010-ல ஒரகடத்துல ரெனோ நிஸ்ஸான்னு கார் தயாரிக்கிற ஊர் நம்ம ஊர். எங்க பிளாக்லயே ஒரு நண்பன் கார் கம்பெனி அசெம்பிளி லைன்ல இருக்கான். அவன்கிட்ட புலம்பினப்போ சொன்னான்: "லைன்ல மோதிரம், வாட்ச் போட விடமாட்டாங்க. பெல்ட் பக்கிளுக்கு உறை போடணும். ஃபென்டர் மேல கவர் விரிப்போம். கீறல் விழுந்தப்புறம் திட்டுறதுக்குப் பதிலா, விழாத மாதிரி முன்னாடியே ஏற்பாடு பண்ணிடுவாங்க. நீ என்ன ஏற்பாடு பண்ணின?"

என்கிட்ட பதில் இல்ல.

நாம செய்யக்கூடியது

1. துடைக்கிறவருக்கு: நல்ல மைக்ரோஃபைபர் துணி ரெண்டு வாங்கிக் கொடுங்க. முதல்ல தண்ணி ஊத்தி மண்ணை இறக்கிட்டுத்தான் துணி வைக்கணும்னு கூடவே நின்னு காட்டுங்க.

2. கதவை ஓங்கிச் சாத்துற சொந்தக்காரங்களுக்கு: சாத்தினப்புறம் முகம் சுளிக்காதீங்க. ஏறும்போதே, "பெரியப்பா, இது லேசா தள்ளினாலே சாத்திக்கும்"னு சொல்லுங்க. முடிஞ்சா நீங்களே இறங்கிக் கதவைத் திறந்து விடுங்க. மரியாதையும் ஆச்சு, கதவும் பிழைச்சது.

3. பார்க்கிங்ல விளையாடுற பசங்களுக்கு: ஸ்டம்ப் நடுற பக்கத்துல காரை நிறுத்தாதீங்க. அது அவங்க கிரவுண்டு.

4. சாவி கேக்குற நண்பனுக்கு: இங்க மட்டும் தயங்காம "இல்லடா" சொல்லலாம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி இடிச்சா இன்சூரன்ஸ் கிளெய்மை மறுக்க முடியும். காரணத்தைச் சொல்லிட்டா நட்பு போகாது.

5. கோடு விழுந்தே போச்சுன்னா: வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி நகத்தை வெச்சுத் தடவிப் பாருங்க. நகம் மாட்டலைன்னா பெரும்பாலும் கிளியர் கோட்லதான் இருக்கும், பாலிஷ்ல போயிடும்.

என் கார்ல விழுந்த கோடும் ஒரே மதியப் பாலிஷ்ல போயிடுச்சு. வாட்ச்மேன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னாடியும் கத்தினதால, நாலு பேர் இருக்கும்போதே கேட்டேன். "பரவாயில்லைங்க சார்"னார். அந்த "சார்" மட்டும் போகல.

ரெண்டு மாசம் கழிச்சு, ஆபீஸ் கிளம்பும்போது கேட்ல கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, பின்னாடி இடது டயர்ல காத்து கம்மியா இருக்கு. பார்த்துப் போங்க."

இறங்கிப் பார்த்தேன். டயர்ல ஆணி ஏறியிருந்தது.

உங்க காரை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கிறவர் யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கே அவர்கிட்ட ரெண்டு வார்த்தை நல்லபடியா பேசுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!